மீதி 156 மணி நேரம்



இந்த ஆண்டு தைப்பூசத்தன்று எங்கள் ஊர்க் கோயில் தண்ணீர்ப் பந்தலில் நடந்ததை முதலில் சொல்கிறேன். சேவைக்கு நின்ற தம்பி ஒருவர் ஒரு பெரிய குவளை இளநீரை என் கையில் கொடுத்தார். "வேண்டாம் தம்பி" என்றேன். "சாமி பிரசாதம் அண்ணே, ஒன்னும் செய்யாது, குடிங்க" என்றார். நான் மறுபடியும் வேண்டாம் என்று சொன்னதும் அவர் முகம் வாடிப்போனது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பிரசாதம்னா இளக்காரமாப் போச்சு" என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னார்.

எனக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து நான்கு வருடம் ஆகிறது. இப்போது வயது 32. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அந்த ஒரு குவளை இளநீர் என் இதயத் துடிப்பையே குழப்பிவிடக் கூடியது. அதை அந்தக் கூட்டத்தில் நின்று எப்படி விளக்குவது? அதனால்தான் இந்த மாதப் பாடமாக இதை எழுதுகிறேன். நம் நாட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் 50,000 பேருக்கும் மேல். உங்கள் வீட்டிலோ, தாமானிலோ, கோயிலிலோ ஒருவராவது இருப்பார்.

சிறுநீரகம் செய்யும் வேலை

சிறுநீரகம் என்றால் சிறுநீரை உண்டாக்கும் உறுப்பு என்று மட்டும்தான் நான் பள்ளியில் படித்தது. அது ஒரு பாதி. இடுப்புக்குச் சற்று மேலே, முதுகுப் பக்கமாக, ஆளுக்கு இரண்டு. ஒவ்வொன்றும் கைமுட்டி அளவுதான். ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. அவை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, வேண்டியதையெல்லாம் திரும்ப இரத்தத்துக்கே அனுப்பிவிட்டு, வேண்டாததை ஒன்றரை லிட்டர் அளவு சிறுநீராக வெளியேற்றுகின்றன.

மறுபாதி பலருக்குத் தெரியாது. இரத்த அழுத்தத்தைச் சீராக வைப்பதும், இரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்கச் சொல்லும் ஹார்மோனைச் சுரப்பதும், எலும்புக்குத் தேவையான வைட்டமின் டி-யைப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றுவதும் சிறுநீரகம்தான். ஆகவே அது கெட்டால் சிறுநீர் மட்டும் பிரச்சினை ஆகாது. இரத்தச் சோகை வரும், எலும்பு வலுவிழக்கும், அழுத்தம் ஏறும், மூச்சு வாங்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், பெரும்பகுதி கெட்டுப்போகும் வரை உடம்பு எதையும் காட்டிக்கொடுக்காது. வலிக்காது. இரத்தத்திலும் சிறுநீரிலும் சோதித்தால்தான் தெரியும். சோதனைத் தாளில் 'இ.ஜி.எஃப்.ஆர்.' என்று ஓர் எண் இருக்கும். அது 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். 15-க்குக் கீழே போனால் செயலிழப்பு. சிறுநீரில் புரதம் கசிகிறதா என்பது இன்னொரு சோதனை. எண் நன்றாக இருக்கும்போதே புரதம் கசியத் தொடங்கிவிடலாம்.

நான் விட்ட மூன்று வருடம்

எனக்கு 25 வயதில் வேலைக்குச் சேர உடல் பரிசோதனை செய்தார்கள். இரத்த அழுத்தம் அதிகம், சிறுநீரில் புரதம் இருக்கிறது, அரசாங்கக் கிளினிக்கில் போய்ப் பாருங்கள் என்றார் டாக்டர். வேலை கிடைத்துவிட்டது, கடிதத்தை மேசைக்குள் போட்டுவிட்டேன். "இந்த வயசுல எனக்கென்ன பிரஷர்" என்ற நினைப்பு. தலைவலி வரும்போதெல்லாம் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இரவு ஷிப்டுக்குப் போனேன். அந்த வகை வலி மாத்திரைகளில் சில, ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும் என்பது அப்போது தெரியாது. சிறுநீரில் நுரை வந்தது. அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

27 வயதில் கால் வீங்கியது. டாக்டர் சோதித்துவிட்டு, "ஒரு வருஷத்துக்குள்ள டயாலிசிஸ் தேவைப்படும், இப்பவே கையில ஆபரேஷன் செஞ்சு தயாரா வச்சுக்கணும்" என்றார். வீட்டில் ஒரே அழுகை. சொந்தக்காரர் ஒருவர் சொன்னார் என்று ஒருவரிடம் வேர்ப்பொடி வாங்கிச் சாப்பிட்டேன். எட்டு மாதம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. கடைசியில் ஒரு விடியற்காலை, மூச்சு விட முடியாமல் அவசரப் பிரிவில் கிடந்தேன். கையில் வழி இல்லாததால் கழுத்தில் குழாய் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள்.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. பொடி கொடுத்தவர் வாயில் ஊட்டவில்லை, நான்தான் சாப்பிட்டேன். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அழுத்தமும் புரதக் கசிவும் ஆரம்பத்திலேயே தெரிந்தால் மருந்தாலும் உணவாலும் நோயைப் பல வருடம் தள்ளிப்போட முடியும். எனக்கு அந்த வாய்ப்பு இருந்தது. கடிதமாகவே கையில் இருந்தது.

நம் நாட்டில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதல் காரணம் நீரிழிவு. அடுத்து உயர் இரத்த அழுத்தம். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. மூன்று பெரிய இனங்களில் நம்மவரிடம்தான் விகிதம் அதிகம். தே தாரிக், சிராப், கலர் தண்ணீர் என்று நாம் குடிக்கும் சீனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல முடியாது.

சிகிச்சைகள்

சிறுநீரகம் நின்றுபோனால் முன்பெல்லாம் சில வாரங்களில் மரணம்தான். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-இல், நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர், செல்லோபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி முதல் டயாலிசிஸ் இயந்திரத்தைச் செய்தார். இன்று நான் உயிரோடு இருப்பது அந்த முயற்சியின் தொடர்ச்சியால்தான். இப்போது மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, நான் செய்துகொள்ளும் ஹீமோ டயாலிசிஸ். கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சிறு அறுவையில் இணைப்பார்கள். இதற்கு 'ஃபிஸ்டுலா' என்று பெயர். அது பருத்து, ஊசி ஏற்கும் அளவுக்கு வர ஆறு வாரம் முதல் சில மாதம் வரை ஆகும். அதனால்தான் முன்கூட்டியே செய்யச் சொல்கிறார்கள். இரண்டு ஊசி. ஒன்று வழியாக இரத்தம் வெளியே போய், ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் கொண்ட வடிகட்டியில் சுத்தமாகி, மற்றது வழியாகத் திரும்பி வரும். நிமிடத்துக்கு 300 மில்லி என்றால் நான்கு மணி நேரத்தில் 72 லிட்டர். என் உடம்பில் உள்ள ஐந்து லிட்டர் இரத்தம் திரும்பத் திரும்பப் போய்வருகிறது. செவ்வாய், வியாழன், சனி, மாலை 5-லிருந்து இரவு 9 வரை. முடிந்து எழுந்தால் சில நாள் சுறுசுறுப்பு, சில நாள் தசைப்பிடிப்பு, தலைசுற்றல். மறுநாள் காலையில் வேலைக்குப் போகிறேன்.

இரண்டாவது, வயிற்று வழி டயாலிசிஸ். வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் பொருத்தி, சுமார் இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டுச் சில மணி நேரம் கழித்து வெளியேற்றுவது. வயிற்றின் உட்சவ்வே வடிகட்டியாக வேலை செய்யும். ஒரு நாளைக்குப் பெரும்பாலும் நான்கு முறை, வீட்டிலேயே செய்யலாம். இரவில் தூங்கும்போது இயந்திரம் செய்யும் முறையும் உண்டு. படிப்பவர்களுக்கும், நிலையத்திலிருந்து தூரத்தில் இருப்பவர்களுக்கும் இது வசதி. ஆனால் சுத்தம் மிக மிக முக்கியம். வெளியே வரும் திரவம் கலங்கலாக இருந்தாலோ வயிறு வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரி போகணும், கிருமித் தொற்றாக இருக்கலாம்.

மூன்றாவது, மாற்றுச் சிறுநீரகம். 1954-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஒரே உருவ இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்கு ஜோசப் முர்ரே குழுவினர் பொருத்தி வெற்றி கண்டார்கள். மலேசியாவில் 1975-இல் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் முதன்முதலாகச் செய்யப்பட்டது. பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைப்பார்கள். அது நன்றாக வேலை செய்தால் டயாலிசிஸ் வேண்டாம். ஆனால் உடம்பு அதை அந்நியப் பொருளாகக் கருதித் தாக்காமல் இருக்க, அது இயங்கும் காலம் முழுவதும் தினமும் மருந்து சாப்பிட வேண்டும்.

வயதானவர்கள் சிலர், வேறு கடுமையான நோய்களும் இருந்தால், டயாலிசிஸ் வேண்டாம், வேதனையைக் குறைக்கும் மருந்து போதும் என்று டாக்டரோடு பேசி முடிவெடுப்பதுண்டு. அதுவும் ஒரு முடிவுதான். அவர்களைக் கோழை என்று சொல்லக் கூடாது.

செலவுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். அரசாங்க மருத்துவமனை, தேசியச் சிறுநீரக அறநிறுவனம் போன்ற அமைப்புகளின் நிலையங்கள் இருக்கின்றன. சந்தா கட்டி வேலை செய்தவர்களுக்கு, தகுதி விதிகளுக்கு உட்பட்டு, சொக்சோ டயாலிசிஸ் செலவை ஏற்கிறது. மருத்துவமனையில் இருக்கும் சமூகநல அதிகாரியிடம் கேட்டால் வழி சொல்வார்.

12-ம் 156-ம்

இப்போது ஒரு கணக்கு. ஒரு வாரத்தில் 168 மணி நேரம். உங்கள் சிறுநீரகம் 168 மணி நேரமும் வேலை செய்கிறது. என் இயந்திரம் செய்வது 12 மணி நேரம் மட்டுமே. மீதி 156 மணி நேரம் கழிவும் நீரும் உடம்பிலேயே சேர்கின்றன. அந்த நேரத்தில் எது உள்ளே போகிறது என்பதை நான்தான் அளந்து பார்க்க வேண்டும். அதுதான் என் சிகிச்சையின் பெரிய பகுதி.

முதலில் தண்ணீர். எனக்குச் சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டது. முந்திய நாள் போன சிறுநீரின் அளவோடு 500 மில்லி சேர்த்துத்தான் ஒரு நாளைக்கு. குழம்பு, ரசம், கஞ்சி, ஐஸ் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. ஒரு லிட்டர் கூடக் குடித்தால் ஒரு கிலோ எடை ஏறும். அது காலிலும் நுரையீரலிலும் போய் நிற்கும். உப்பு சாப்பிட்டால் தாகம் எடுக்கும், ஆகவே உப்பையும் குறைக்கணும். ஊறுகாய், கருவாடு, மேகி எல்லாம் எட்ட நிற்கின்றன.

அடுத்தது பொட்டாசியம். சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் இது இரத்தத்தில் ஏறி இதயத்தையே நிறுத்திவிடும். ஒரு வாழைப்பழத்தில் சுமார் 400 மில்லிகிராம் இருக்கிறது. இளநீரிலும் ஏராளம். உங்களுக்கு நல்லது செய்யும் அதே பொருள் எனக்கு ஆபத்து. காய்கறியை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கிறார் அம்மா. பெலிம்பிங் எனும் நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. அதில் உள்ள ஒரு நச்சு சிறுநீரக நோயாளிக்கு விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு, மரணம் வரை கொண்டுபோகும்.

பாஸ்பரஸ் இன்னொன்று. கோலா பானம், பதப்படுத்திய இறைச்சி, கச்சான், பால் வகைகளில் உண்டு. அதிகமானால் உடம்பு அரிக்கும், எலும்பு தேயும். அதைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்தே போட வேண்டும்.

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் உண்டு. அதில் பெரும்பகுதி மூலிகையைப் பற்றி அல்ல, சாப்பாட்டின் அளவைப் பற்றியது. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது புரியாதது, இப்போது தினமும் அளவுக் குவளையைப் பிடிக்கும்போது புரிகிறது.

கோயிலில் கவனிக்க வேண்டியவை

அந்த 156 மணி நேரத்தை நான் உங்களோடுதான் கழிக்கிறேன். ஆகவே நீங்களும் என் சிகிச்சையில் ஒரு பங்கு.

பிரசாதத்தை ஒருவர் மறுத்தால் காரணம் கேட்டு வற்புறுத்தாதீர்கள். திருநீறும் ஒரு பூவும் போதும். தீர்த்தம் என்றால் ஒரு சின்னக் கரண்டி. பஞ்சாமிர்தத்தை நான் கண்ணில் ஒற்றிக்கொண்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். முருகன் கோபித்துக்கொள்ளவில்லை.

ஃபிஸ்டுலா உள்ள கையில் இரத்த அழுத்தம் பார்ப்பதோ, ஊசி போடுவதோ, பாரம் தூக்குவதோ, இறுக்கிக் கட்டுவதோ கூடாது. அது பெரும்பாலும் எழுதாத கையில்தான் இருக்கும். பெண்களுக்குக் காப்புக் கட்டுவது இடக்கையில் என்பதால், கட்டும் முன் "கையில ஏதும் ஆபரேஷன் இருக்கா அக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இருந்தால் மறுகையில் தளர்வாகக் கட்டலாம்.

விரதம் இருக்க விரும்பும் நோயாளி முதலில் டாக்டரிடமும் உணவியலாளரிடமும் பேச வேண்டும். விரத நாளில் நாம் சேர்க்கும் பருப்பு, பால், வாழைப்பழம் இவற்றையெல்லாம் அவர் அளந்துதான் சாப்பிட முடியும். டயாலிசிஸ் நாளைத் தள்ளிவைத்துவிட்டு எந்த வேண்டுதலும் வேண்டாம்.

"கர்ம வினை" என்று சொல்லுமுன்

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்க வந்த ஒருவர், "போன ஜென்மத்துல என்ன செஞ்சானோ" என்று அம்மாவின் காதுபடச் சொன்னார். ஊசியைவிட அது அதிகம் வலித்தது. அம்மா அன்று இரவு முழுதும் தூங்கவில்லை.

நாம் வினைக்கோட்பாட்டை நம்புகிறோம். நானும் நம்புகிறேன். ஆனால் அது என் செயலை நான் திருத்திக்கொள்ள எனக்குக் கொடுத்த விளக்கு. அடுத்தவரின் கட்டிலருகே நின்று தீர்ப்புச் சொல்லக் கொடுத்ததல்ல. தேவார வகுப்பில் அப்பர் சுவாமிகளின் கதையைப் படித்திருக்கிறீர்கள். சூலை நோயால் துடித்து வந்தவரை அக்கா திலகவதியார் எப்படி ஏற்றுக்கொண்டார்? "எங்களை விட்டுட்டுப் போனதாலதான் இது வந்துச்சு" என்று வாசலில் நிறுத்தவில்லை. திருநீறு கொடுத்து, திருவதிகைக் கோயிலுக்குத் தாமே அழைத்துச் சென்றார். நோயாளியோடு கூட நடப்பதுதான் சைவம். திருநீறும் வேண்டும், மருந்தும் வேண்டும், கூட ஒரு ஆளும் வேண்டும்.

என் தங்கை

எனக்கும் ஒரு திலகவதியார் இருக்கிறாள், வயதில் இளையவளாக. அம்மா தன் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்று முதலில் வந்தார். அவருக்கு நீரிழிவு, டாக்டர் முடியாது என்றுவிட்டார். அப்பா இல்லை. அப்போது 24 வயது தங்கச்சி, "நான் தரேன்" என்றாள்.

வீட்டில் இரண்டு கட்சி. ஓர் அத்தை, "கூடப் பொறந்தவனுக்குத் தராம யாருக்குத் தரப்போற?" என்றார். சித்தி, "கல்யாணம் ஆகாத பொண்ணு, நாளைக்கு யார் கட்டுவா?" என்றார். இருவருமே அவளைக் கேட்கவில்லை.

எனக்கு அவள் கொடுப்பதில் ஆசையும் பயமும் சமமாக இருந்தன. இன்றும் இருக்கின்றன. கண்ணாடியில் என் கையைப் பார்க்கும்போது வேண்டும் என்று தோன்றும். அவள் தூங்கும்போது முகத்தைப் பார்த்தால் வேண்டாம் என்று தோன்றும். மருத்துவக் குழு அவளைத் தனியாக வைத்துப் பேசியது. ஒரு சிறுநீரகத்தோடு ஆரோக்கியமாக வாழ முடியும், ஆனால் அறுவை அறுவைதான். பிற்காலத்தில் குழந்தை பெறலாம், கர்ப்ப காலத்தில் அழுத்தம் ஏறும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்பதால் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த நேரத்திலும், கடைசி நாளில்கூட, காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். இவற்றையெல்லாம் விளக்கினார்கள்.

அன்று காரில் வரும்போது, "நீ வேண்டாம்னு சொன்னாலும் நான் உன் அண்ணன்தான்மா, ஒரு சொல்லும் சொல்லமாட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பயமாத்தான் இருக்குண்ணே. பயம் இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். சோதனையெல்லாம் முடியட்டும், அப்புறம் நான் சொல்றேன். அதுவரைக்கும் யாரும் என்னைக் கேக்கக் கூடாது" என்றாள். சோதனைகள் இன்னும் நடக்கின்றன. வீட்டில் யாரும் கேட்பதில்லை. அத்தைக்கும் சித்திக்கும் நானே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன்.

தங்கை இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? நம் நாட்டில் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போர் 10,000 பேருக்கும் மேல். இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் உறுப்புகள் மிகக் குறைவு. "உடம்பு முழுசா இல்லாம எரிச்சா அடுத்த பிறவியில குறையாப் பொறக்கும்" என்று நம்மில் சிலர் பயப்படுகிறார்கள். உயிர் உடலை மாற்றுவதைப் பழைய ஆடையைக் களைவதற்குக் கீதை ஒப்பிடுகிறது. தன் கண்ணையே பெயர்த்து அப்பிய கண்ணப்பரை நாம் நாயன்மாராக வணங்குகிறோம். சாம்பலாகப் போகும் உறுப்பு இன்னொருவரை வாழவைத்தால் அது தானம்தான். மைசெஜாத்ரா செயலியிலேயே உறுப்புதான உறுதிமொழி பதியலாம். பதிந்தால் மட்டும் போதாது, வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் அவர்களின் சம்மதத்தைத்தான் கேட்பார்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

ஒன்று, வீட்டில் எல்லோருக்கும் இரத்த அழுத்தம், சீனி, சிறுநீர்ப் புரதம் சோதியுங்கள். கிளினிக் கெசிஹாத்தானில் செய்துகொள்ளலாம்.

இரண்டு, டாக்டரைக் கேட்காமல் அடிக்கடி வலி மாத்திரையோ பெயர் தெரியாத பொடியோ சாப்பிடாதீர்கள்.

மூன்று, டயாலிசிஸ் செய்யும் ஒருவரை ஒரு தடவையாவது நிலையத்துக்குக் கூட்டிச் சென்று திரும்ப வீட்டில் விடுங்கள்.

நான்கு, உறுப்புதானம் பற்றி உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒருமுறை பேசுங்கள்.

வகுப்பில் கலந்துரையாட

1. நோயுற்ற ஒருவரிடம் நாம் சாதாரணமாகச் சொல்லும் எந்தச் சொற்கள் அவரைப் புண்படுத்தும்?
2. நம் கோயில் அன்னதானத்தில் நீரிழிவு, சிறுநீரக நோயாளிகளுக்கு ஏற்ற என்னென்ன மாற்றம் செய்யலாம்?
3. என் தங்கையின் இடத்தில் நீங்கள் இருந்தால், முடிவெடுக்க உங்களுக்கு என்ன தேவைப்படும்?

தண்ணீர்ப் பந்தல் தம்பியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அன்று மாலையே அவரைத் தேடிப் போய் என் கையைக் காட்டி விளக்கினேன். ஃபிஸ்டுலாவைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே இரத்தம் ஓடும் அதிர்வு விரலில் தெரியும். "அண்ணே, மோட்டார் மாதிரி ஓடுது" என்றார். பங்குனி உத்திரத்துக்குப் போனபோது பந்தலில் பெரிய குவளைகளுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு நிறையச் சின்னக் குவளைகள் இருந்தன, வெறும் தண்ணீரோடு. என்னைப் பார்த்ததும் ஒன்றை எடுத்து, "அண்ணே, இது ஐம்பது மில்லி. அளந்துட்டேன்" என்றார். வாங்கிக் குடித்தேன்.